உருப்படியா, கலவையா

2024ஆம் ஆண்டு அக்டோபர் 17, வியாழக்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். விடியலில் தொடங்கிய தூறல் அப்போதுதான் நின்றிருந்தது. வானம் ஒரே சாம்பல் நிறமாகத் தாழ்ந்து கிடந்தது, காற்று அசையவில்லை. ரப்பர் வளையத் தொழிற்சாலையின் முன்னறையில் நான்கு குடைகள் விரிந்தபடி தரையில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே வழி கண்டுபிடித்து அண்ணி தன் மேசைக்கு வந்து சேர்ந்தாள். மேசையின் மேல் பதினாறு பக்கப் படிவம் ஒன்று, நான்கு நாட்களாக எழுந்து போக மறுக்கும் விருந்தாளியைப் போல, இருந்த இடத்திலேயே இருந்தது.

அண்ணி என்பது அவளுடைய பெயரன்று. திட்டப் பிரிவின் பொறுப்பாளர் என்பது பதவி; எந்த நாளில் எத்தனை வளையம், எந்த அச்சில், எந்தக் கலவையில் என்று முடிவு செய்வது வேலை. கலவை அறையின் தலைவன் அவள் கணவரின் தம்பி. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு அவளுடைய சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, கூடம் அதிர "அண்ணி!" என்று கூப்பிட்டுவிட்டான். அன்று ஒட்டிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த லாரி ஓட்டுநரும் இப்போது அவளை அண்ணி என்றுதான் அழைக்கிறார். முதலாளி மட்டும் 'அம்மா' என்பார்.

கொழுந்தனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: நூறு. அவன் அறையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு கலவையும் அதன் எடை அட்டையில் சரியாக நூறு கிலோ இருக்கும். தொண்ணூற்றொன்பது இராது, நூற்றொன்றும் இராது. அந்த ஒழுங்கைக் கண்டு, கலவையை வளையங்களாக அடிக்கும் அச்சுக்கூடத்தார் வைத்த பெயர் அது. பாதி மரியாதை, பாதி கேலி.

படிவம் புதிய மென்பொருளுக்கானது. கொள்முதல், இருப்பு, உற்பத்தி என்று தொழிற்சாலையின் எல்லா வேலையும் புத்தாண்டிலிருந்து அதன் வழியே நடக்கவேண்டும் என்பது முதலாளியின் ஏற்பாடு. முதல் பக்கத்தின் முதல் கேள்வி: 'உங்கள் உற்பத்தி எவ்வகை?' அதன் கீழே இரண்டு கட்டங்கள்: உருப்படி உற்பத்தி, கலவை உற்பத்தி. கட்டங்களுக்குக் கீழே, கண்ணாடி இல்லாமல் படிக்கமுடியாத எழுத்தில், வேலை தொடங்கிய பின் இத்தேர்வை மாற்ற இயலாது என்று அச்சிட்டிருந்தது. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குள் அவளும் முதலாளியும் கையெழுத்திட்டுத் தரவேண்டும்.

ஒன்பது மணிக்கு மென்பொருள் ஆலோசகர் வந்தார். நாற்பத்தைந்து வயது, மெதுவான குரல், தேநீரைக்கூடச் சொந்தக் குப்பியில் கொண்டுவரும் எச்சரிக்கை. வந்த முதல் வாரத்திலேயே கலவை அறை அவருக்கும் ஒரு பெயர் சூட்டியிருந்தது: ரெண்டில ஒண்ணு.

"படிவம் முடிஞ்சுதா?" என்றார்.

"பதினஞ்சு பக்கம் முடிஞ்சுது. முதல் பக்கம்தான் பாக்கி."

"எல்லா இடத்திலயும் அதுதான் பாக்கி."

அவர் விளக்கம் தெளிவாகவே இருந்தது. உருப்படி உற்பத்திக்கு நாற்காலியை உதாரணம் சொன்னார். நான்கு கால், ஒரு பலகை, பன்னிரண்டு திருகாணி. செய்தபின்னும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றலாம். கழற்றினால் போட்டதெல்லாம் போட்டபடி கிடைக்கும். கலவை உற்பத்திக்குப் பெயின்ட். கலந்த பிறகு வெள்ளையை மட்டும் திருப்பிக் கொடு என்றால் ஒருவராலும் முடியாது. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் இடையில் நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் இருக்கும். மென்பொருளின் கலவைத் தொகுப்பு அந்த ஏற்ற இறக்கத்தை ஒவ்வொரு முறையும் கேட்கும். மிச்சம் இருந்தால் அதற்கும் ஓர் எண் கேட்கும். உருப்படித் தொகுப்பு இவற்றையெல்லாம் கேட்காது. இத்தனை போட்டால் இத்தனை வரும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், கடைசி வரைக்கும் அதையே நம்பும்.

"நம்மளோடது ரெண்டும்தான்," என்றாள் அண்ணி. "ரப்பரைக் கலக்கறோம். அப்புறம் வளையமா அடிச்சு எண்றோம்."

"ரெண்டும்னு ஒரு கட்டம் இல்லையே. கலவையை எடுத்தா அதுல வளையத்தையும் எண்ணிக்கலாம், ஆனா வேலை ஜாஸ்தி. உருப்படியை எடுத்தா வேலை கம்மி, ஆனா கலவையோட ஏற்ற இறக்கத்தை எழுத அதுல இடம் கிடையாது."

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே தலையை நீட்டினார். இந்த விஷயத்தில் அவர் ஒற்றைக்காலில் நின்றார். "எண்ணித்தானே அனுப்பறோம்? கிலோவுலயா அனுப்பறோம்? எண்ற பொருள் உருப்படி. இதுக்கு நாலு நாள் யோசனை எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தலையை எடுத்துக்கொண்டார்.

ஆலோசகர் தம் பையிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "மூணு வருஷக் கலவை அட்டை பாத்துட்டேன். உள்ள நூத்தியொண்ணரை, வெளிய நூறு. ஒருநாள்கூட மாறல. இது நிஜம்னா உங்க முதலாளி சொல்றதுதான் சரி, உருப்படியே போதும். ஆனா ஒண்ணு. மாவு ஆலை பாத்திருக்கேன், சோப்பு பாத்திருக்கேன், மை பாத்திருக்கேன். இவ்வளவு ஒழுக்கமான பொருளை எங்கயும் பாத்ததில்ல."

"எங்க ஆளு அப்படி."

"எடை போட்டு எழுதறாரா, எழுதிட்டு எடை போடறாரா?"

"எடை போட்டுத்தான் எழுதறான். கீழ என் கையெழுத்து இருக்கு பாருங்க."

அவர் பார்த்தார், தலையசைத்தார், குப்பியை மூடிக்கொண்டு கிளம்பினார். அவர் போனபின் அண்ணி அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து இருந்தது. 'சரிபார்த்தவர்' என்ற சொல்லுக்கு நேர் எதிரே, கோட்டின் மேல், சாயாமல். அட்டையைச் சரிபார்த்ததுண்டு, கூட்டலைச் சரிபார்த்ததுண்டு. தராசைத்தான், எவ்வளவு யோசித்தும், ஒருமுறையேனும் பார்த்ததாக நினைவில்லை.

அவள் எழுந்து கலவை அறைக்குப் போனாள்.

கலவை அறையில் வெள்ளை என்று ஒன்று உண்டென்றால் அது ஒரே ஒருவரின் முகம்தான். ரப்பர்த் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க மாவு தூவும் அந்தப் பெண்ணைப் பவுடர் என்பார்கள். மற்றதெல்லாம் கறுப்பு: சுவர், சன்னல், ஆட்களின் கழுத்து, நாள்காட்டியில் சிரிக்கும் குழந்தை. நடுவில் இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றையொன்று நோக்கிச் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றின் இடுக்கில் ரப்பரும் கரித்தூளும் எண்ணெயும் கந்தகமும் மடங்கி மடங்கி ஒன்றாகிக்கொண்டிருந்தன. கொழுந்தன் கத்தியால் அந்தக் கலவையை அறுத்து மடித்து மறுபடி உருளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். சாப்பிட மறுக்கும் பிள்ளையிடம் காட்டும் பொறுமை அவன் கையில் இருந்தது.

"வாங்க அண்ணி. வெள்ளைப் புடவையோட வந்திருக்கீங்களே, திரும்பிப் போறப்ப வீட்ல சேர்த்துப்பாங்களா?"

"தராசைப் பாக்க வந்தேன்."

"தராசுக்கு உடம்பு சரியாத்தான் இருக்கு."

"அடுத்த கலவையை என் எதிர்ல எடை போடு தம்பி."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பவுடர் மாவு தூவுவதை நிறுத்தினாள். தராசு ஓரத்தில் இருந்தது. அதன் எண்பலகையின் மேல் கரி படியாதிருக்க அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். எண்ணைப் படிக்கவேண்டுமானால் சுவருக்கும் தராசுக்கும் நடுவே உடம்பை நுழைத்துக்கொள்ளவேண்டும். அண்ணி நுழைத்துக்கொண்டாள். தகடுகள் ஏறின. கலவை எண் 487. தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.

கொழுந்தன் மூலையிலிருந்த மரப்பெட்டியைத் திறந்தான். அதற்குள் பழைய தகட்டுத் துண்டுகள் அடுக்கியிருந்தன. இரண்டு துண்டுகளை எடுத்து மேலே வைத்தான். ஒன்றில் கத்தியால் விரலளவு சீவினான். நூறு.

"இதான் அண்ணி. குறைஞ்சா பெட்டியிலேர்ந்து வைக்கிறது. கூடினா வெட்டிப் பெட்டியில போடறது."

"எப்பலேர்ந்து?"

"நான் சேர்ந்த வாரத்துலேர்ந்து. அட்டையில 'வெளிவந்தது: 100 கிலோ'ன்னு அச்சடிச்சே வருது. எழுதறதுக்குக் கோடு இருக்கா பாருங்க, டிக் பண்ணத்தான் இடம் இருக்கு. முதல்ல ரெண்டு தடவை தொண்ணூத்தெட்டு அனுப்பினேன். அச்சுக்கூடத்துல தள்ளுவண்டியோட திருப்பி அனுப்பிட்டாங்க. நூறு கிலோன்னா எட்டாயிரம் வளையம், குறைஞ்சா அவங்க ஷிப்ட் எண்ணிக்கை உதைக்கும்னு. சரி, நூறுதானே வேணும், நூறாவே குடுப்போம்னு."

"கலக்கறப்ப எப்படி மாறுது?"

"ரப்பர்க் கட்டி மேல முப்பத்துமூணு கிலோன்னு முத்திரை இருக்கும். அது கட்டிக்குத் தெரியணுமே?"

பவுடர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையின் வாசகத்தை அச்சுக்குக் கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். பழைய அட்டையில் கையெழுத்து புரியவில்லை என்று சொல்லி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, எழுதும் வேலையைக் குறைத்துப் புதிய அட்டையை வடிவமைத்தவள் அவளேதான். நூறு என்பது திட்டம். வந்ததை எழுதும் இடத்தில் திட்டத்தை அச்சிட்டிருந்தாள்.

அதைவிடப் பெரிய ஒன்று அப்போது அவள் நினைவுக்கு வந்தது.

"தம்பி, ஏப்ரல்ல 186."

அவன் உருளையின் பக்கம் திரும்பிக்கொண்டான். "கலவை உருளையில இருக்கு அண்ணி. கருகிடும்."

கலவை எண் 186இல் கந்தகப் பொட்டலம் தவறுதலாக இரண்டு விழுந்துவிட்டது. கந்தகம் அதிகமானால் வளையம் கடினமாகி வெடிக்கும். நான்கு நாள் கழித்து நடந்த சோதனையில் அது தெரிந்து, அந்தக் கலவை முழுவதையும் அழித்தார்கள். ஆனால் ஜூனில், தண்ணீர்ப் பம்பு செய்யும் வாடிக்கையாளர் நிறுவனம், வேறு எண்களிட்ட பைகளிலிருந்து வெடித்த வளையங்களைத் திருப்பி அனுப்பியது. '186 முழுமையாக அழிக்கப்பட்டது. ஏனைய கலவைகளுக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை' என்று பதில் எழுதிக் கையெழுத்திட்டவளும் அண்ணிதான். அந்த வாக்கியத்தின் கட்டுக்கோப்பு அவளுக்கு அன்று மிகவும் பிடித்திருந்தது.

மேசைக்குத் திரும்பிய அண்ணிக்கு நிலைமை விளங்கியது. கலவைக் கட்டத்தில் குறியிட்டால் முதல் நாளே தொடக்க இருப்பு கேட்பார்கள். மரப்பெட்டியை எழுதியாகவேண்டும். பெட்டி எப்படி வந்தது என்ற கேள்வி வரும். பதினோரு ஆண்டு அட்டையும் பொய் என்று ஒரே நாளில் ஆகிவிடும். முதலாளி மற்றவற்றில் எப்படியோ, இதில் வளைந்து கொடுக்காதவர். எண்ணாமலே இருப்பு எழுதிய பண்டகசாலைக்காரரை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மதியச் சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். 'எழுதினது பொய்னா எழுதினவனும் பொய்' என்பது அவருடைய சட்டப்புத்தகம். அதில் ஒரே பிரிவுதான். ஜனவரியில் இரண்டாவது உருளை வரவிருந்தது. இரண்டுக்கும் மேற்பார்வையாளனாகக் கொழுந்தனை நியமிக்கும் கடிதம் முதலாளியின் இழுப்பறையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதுவும் போகும், இருக்கும் வேலையும் போகும்.

உருப்படிக் கட்டத்தில் குறியிட்டால் எதுவும் வெளிவராது.

ஞாயிற்றுக்கிழமை வரை அவள் முதல் பக்கத்தைத் தொடவில்லை.

அவர்கள் வீட்டில் கீழ்த்தளம் அண்ணிக்கும் அவள் கணவருக்கும். மேல்தளம் கொழுந்தனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும். பேருந்து ஓட்டுநரான கணவருக்கு ஞாயிறன்றும் வேலை. பிற்பகலில் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன அண்ணியைப் பிடித்துக்கொண்டாள் ஓரகத்தி. பேசிக்கொண்டே போர்வையின் இரண்டு முனைகளை அண்ணியின் கையில் திணித்தாள்.

"அக்கா, உங்க கொழுந்தன் மூணு நாளா என்னைக் குறையே சொல்லல."

"நல்லதுதானே."

"என்னது நல்லது? நேத்து சாம்பாரிலே உப்பே போடல நான். மறந்துட்டேன். சத்தமில்லாம சாப்ட்டு எழுந்து போயிட்டாரு. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஆபீஸ்ல என்ன நடக்குது?"

"ஒரு படிவம் எழுதணும். அதுல கொஞ்சம் இழுபறி."

"படிவத்துக்கா மனுஷன் உப்பை மறந்தாரு? இழுத்துப் பிடிங்கக்கா, போர்வை தரையில படுது."

போர்வை நான்காக மடிந்தது. ஓரகத்தி அதை அண்ணியின் தோளில் போட்டுவிட்டு, முகத்தைப் படித்துப் பார்த்தாள்; அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "வேலைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும் கேட்டாள். அண்ணி பிடி கொடுக்காமல் துணிக்கவ்விகளைப் பொறுக்கினாள். ஓரகத்தி இறங்கிப் போன சிறிது நேரத்தில் கொழுந்தன் மேலே வந்தான். குளித்து, வெளுத்த சட்டை போட்டிருந்தான். காதுமடலின் மடிப்பில் மட்டும் கரி இருந்தது; அது எந்த ஞாயிற்றுக்கிழமையும் போனதில்லை.

"அண்ணி, நேராவே பேசிடறேன். உருப்படியிலயே டிக் போட்டுடுங்க. பெட்டியை நான் ஒரு வாரத்துல சத்தமில்லாம காலி பண்ணிடறேன். அதுக்கப்புறம் வர்றதை வந்தபடி எழுதறேன். சத்தியமா."

"எங்க எழுதுவே?"

"அட்டையிலதான்."

"அட்டையே இருக்காது தம்பி. திரையிலதான் எழுதணும். உருப்படித் தொகுப்புல உள்ள நூத்தியொண்ணரை போட்டா வெளிய நூறுன்னு அதுவே எழுதிக்கும். தொண்ணூத்தேழரைன்னு எழுத உனக்கு அது இடம் விடாது. அச்சுக்கூடம் நூறு கேக்கும், திரையும் நூறு சொல்லும். நீ மறுபடியும் பெட்டியைத் திறக்கணும்."

"திறந்தா என்ன? இத்தனை வருஷம் திறக்கலையா?"

"186 பெட்டிக்குள்ள போச்சா?"

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். கீழே தெருவில் யாரோ ஒரு மெத்தையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டியைவிட மெத்தை பெரியதாக இருந்தது. மூவர் மூன்று விதமாக யோசனை சொல்ல, நான்காமவர் தூக்கினார். இருவரும் அதைக் கவனமாகப் பார்த்தார்கள்.

"நான் ஏழாவது படிக்கறப்ப நீங்க இந்த வீட்டுக்கு வந்தீங்க," என்றான் கொழுந்தன். "பரீட்சைப் பேப்பரை அண்ணன்கிட்டக் காட்டாம உங்ககிட்டத்தான் கையெழுத்து வாங்குவேன். ஒவ்வொரு தடவையும் மார்க்கைப் பாத்துட்டுத்தான் போடுவீங்க. திட்டிட்டுத்தான் போடுவீங்க. போடாம இருந்ததில்ல."

"அதுல மார்க் உன்னோடதா இருந்துது."

"இப்ப என் தலையை எழுதப் போறீங்க."

"என் தலையும் அதே அட்டையிலதான் இருக்கு."

அவன் இறங்கிப்போனான். கோபமா, யோசனையா என்று அவன் முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அண்ணி தன் மேசைக்கு வந்தபோது அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு நெகிழிப்பை. அதிலிருந்து நான்கு பள்ளிக்கூட நோட்டுகளை எடுத்து அடுக்கினான். மேலுறை எல்லாம் எண்ணெயும் கரியும்.

"என்ன இது?"

"பெட்டி நோட்டு. எவ்வளவு குறையுது, எவ்வளவு கூடுதுன்னு தெரிஞ்சாத்தானே பெட்டி தீராம பாத்துக்க முடியும்? அதுக்காக எழுதினது. நிஜ எடை. அப்புறம் எந்தக் கலவையோட துண்டு எதுல போச்சுன்னும் இருக்கு. வேற வேற பக்குவத்துத் துண்டைச் சேக்கக் கூடாதில்ல. அஞ்சு நோட்டு இருந்துது, ஒண்ணு எண்ணெய்ல விழுந்து போச்சு."

கடைசி நோட்டில், ஒரு பக்கத்தில், பேருந்துச் சீட்டு ஒன்றைச் செருகியிருந்தான். அண்ணி திறந்தாள். பென்சில் எழுத்து, கோணல், ஆனால் ஒரு வரியும் விடுபடவில்லை. 186: நூற்றிரண்டு புள்ளி ஒன்று; பெட்டிக்கு இரண்டு புள்ளி ஒன்று. 191: குறைவு ஒன்று புள்ளி மூன்று, 186இன் துண்டு. 194: குறைவு புள்ளி எட்டு, 186இன் துண்டு. அவள் மனத்துக்குள் வகுத்தாள். ஒரு வளையம் பன்னிரண்டரை கிராம். 191இல் நூற்றுநான்கு வளையம், 194இல் அறுபத்துநான்கு. பம்பு நிறுவனம் ஜூனில் திருப்பி அனுப்பிய பைகளின் எண்களும் இவை இரண்டுதான்.

"ஜூன்லயே உனக்குத் தெரிஞ்சுதா?"

"திருப்பி அனுப்பினாங்கன்னு கேள்விப்பட்ட அன்னிக்கு நோட்டைப் புரட்டினேன். அண்ணிகிட்டச் சொல்லிடலாம்னு கிளம்பினேன். அதுக்குள்ள நீங்க பதில் எழுதி அனுப்பிட்டீங்கன்னு பவுடர் சொன்னா. உங்க கையெழுத்து போனப்புறம் நான் வாயைத் திறந்தா மாட்டறது நீங்க. விட்டுட்டேன்."

அண்ணி நோட்டை மூடினாள். நூற்றறுபத்தெட்டு வளையங்களில் திரும்பி வந்தவை நூற்றுப் பதினொன்று. மீதி ஐம்பத்தேழு இன்னும் எங்கோ யாருடைய பம்பிலோ தண்ணீரை நம்ப வைத்துக்கொண்டிருக்கின்றன.

"இதை இப்ப ஏன் கொண்டுவந்தே? நேத்து வேற மாதிரி பேசினியே."

"நேத்து ராத்திரிச் சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தி, அண்ணி. அவகிட்டச் சொன்னேன். சொன்னதும் அவ அழுதுட்டா. என்ன நடக்குதுன்னு எல்லாத்தையும் கேட்டு வாங்கிட்டா. அப்புறம் அவதான் பரண்லேர்ந்து நோட்டை எடுத்தா." அவன் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "முதலாளிகிட்ட நானும் வரணுமா? பத்து மணிக்குக் கலவை உருளையில இருக்கும், பாதியில விட முடியாது."

"நீ கலவையைப் பாரு. வந்த எடையை வந்தபடி வை. பெட்டியைத் தொடாதே."

அவள் பேனாவை எடுத்து, முதல் பக்கத்தில், கலவை உற்பத்தி என்ற கட்டத்தில் குறியிட்டாள். கீழே கையெழுத்திட்டாள். பிறகு முதலாளியின் அறைக்கு மூன்று பொருள்களுடன் போனாள்: படிவம், நான்காவது நோட்டு, தான் ஜூனில் எழுதிய கடிதத்தின் நகல்.

சொல்லவேண்டியதை எதையும் பூசி மெழுகாமல், தொடங்கிய இடத்தில் தொடங்கி, முடியும் இடத்தில் முடித்தாள். அட்டையை வடிவமைத்தது தான் என்பதிலிருந்து ஐம்பத்தேழு வளையங்கள் வரை. முதலாளி குறுக்கிடவில்லை. அது அவளுக்குப் பழக்கமில்லாத நல்ல நடத்தை. அதனாலேயே அச்சமாக இருந்தது.

"எத்தனை அட்டை?" என்று கடைசியில் கேட்டார்.

"ஆறாயிரத்துச் சொச்சம். எல்லாத்துலயும் அவன் டிக், என் கையெழுத்து."

"ஸ்டோர் ஆளை நான் அனுப்பினப்ப நீ என்னம்மா சொன்னே?"

"சரிதான்னு சொன்னேன்."

"இப்ப?"

"இப்பவும் சரிதான். அவர் எண்ணவே இல்ல. இவன் ஒவ்வொரு தடவையும் எடை போட்டிருக்கான். போட்டதை எழுதியும் வெச்சிருக்கான். எழுத நான் இடம் குடுக்கல."

"நல்லா வாதாடறே. கொழுந்தனாச்சே."

"கொழுந்தனுக்காகப் பேசறேன்னு பட்டா என் கையெழுத்தை எண்ணிப் பாருங்க. அனுப்பறதுன்னா ரெண்டு பேரையும்தான் அனுப்பணும்."

முதலாளி நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கலவை அறைக்குள் அவர் காலடி வைத்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. தலைவாசலில் நின்ற பவுடர் அவரைக் கண்ட பதற்றத்தில் ஒரு கை மாவைத் தவறான இடத்தில் தூவிவிட்டாள். தவறான இடம் அவருடைய காலணி. அவர் அதைக் கவனிக்கவில்லை. சுவருக்கும் தராசுக்கும் நடுவே தம் பெரிய உடம்பை நுழைக்க முயன்றார், முடியவில்லை, தராசையே இரு கையாலும் திருப்பினார். "ஏத்து," என்றார். கொழுந்தன் ஏற்றினான். தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. முதலாளி, நோட்டுக்குப் பதிலாகத் தராசில் செருகியிருந்த தாள் ஒன்றில், அன்றைய தேதிக்குக் கீழே அந்த எண் முன்பே பென்சிலில் எழுதியிருப்பதைப் பார்த்தார்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே எழுதிட்டியா?"

"போட்டு எழுதிட்டு எறக்கி வெச்சிருந்தேங்க. நீங்க ஏத்துன்னு சொன்னீங்க, மறுபடியும் ஏத்தினேன்."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல," என்று சொல்லிவிட்டு முதலாளி மரப்பெட்டியைத் திறந்து வெகுநேரம் அதற்குள் பார்த்தார். பிறகு மூடினார். தம் அறைக்குத் திரும்பினார். மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோதும் அறைக்கதவு மூடியே இருந்தது. அண்ணி தன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்தவற்றை ஓரத்திலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து ஓரத்துக்கும் நகர்த்தினாள்.

மூன்றரைக்கு அவர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் மேற்பார்வையாளர் நியமனக் கடிதம் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. படிவம் அதன் பக்கத்தில் முழுதாக இருந்தது.

"மேற்பார்வை கிடையாது. புது உருளைக்கு வேற ஆளைப் பாக்கறேன்," என்றார். "பொய் எழுதினவனை அனுப்பறதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இந்த நோட்டை எழுதினவனை அனுப்பினா நாளைக்குக் கலவைக்கு நான் எங்க போவேன்? இருக்கற இடத்துலயே இருக்கட்டும். பெட்டி பூட்டணும், சாவி சோதனைப் பிரிவுல. இனிமே கலவையில உன் கையெழுத்து வேண்டாம்மா. அவங்க போடட்டும்."

"சரிங்க."

"பம்பு கம்பெனிக்கு இன்னிக்கே எழுது. போன தடவை எழுதினியே, அழகா, அப்படி வேண்டாம். நடந்ததை எழுது."

"எழுதிட்டேன். உங்க பார்வைக்கு வெச்சிருக்கேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். படிவத்தை இழுத்து முதல் பக்கத்தில் கையெழுத்திட்டார். எண்ணுகிற பொருள் உருப்படி என்ற தம் வாதத்தை அவர் திரும்பப் பெற்றதாகச் சொல்ல முடியாது. கையெழுத்து மட்டும் அதற்கு நேர்மாறான கட்டத்தின் கீழே விழுந்தது.

அண்ணி முன்னறைக்குப் போகும் வழியில் கலவை அறை வாசலில் நின்றாள். உருளையின் ஓசைக்கு மேலே குரல் எழுப்பிப் பேசவேண்டியிருந்தது. மேற்பார்வை இல்லை என்பதையும் வேலை உண்டு என்பதையும் அந்த வரிசையிலேயே சொன்னாள்.

கொழுந்தன் கத்தியை இடுப்பில் துடைத்தான். "நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"ஏழரைக்கு. எப்பவும் போல."

"மேற்பார்வைன்னா வெள்ளைச் சட்டை போடணும்னாங்க. யாரு துவைக்கறது?" என்றான். சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பிக்கொண்டான். அவன் முகம் தெரியவில்லை; தெரியவேண்டாம் என்று அவளும் நகர்ந்துவிட்டாள்.

முன்னறையில் ஆலோசகர் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். அவளைக் கண்டதும் எழுந்தார். அண்ணி படிவத்தின் பதினாறு பக்கங்களும் வரிசையில் இருக்கின்றனவா என்று நின்றபடியே ஒருமுறை பார்த்தாள், ஓரங்களைத் தட்டிச் சமன் செய்தாள், அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.